சுவர் இருந்தால்தான் சித்திரம்: பழைய கடையைப் பேணும் பாடம்



கடலூர் முதுநகரிலும், திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரம் நான்கு தேர் வீதிகளிலும் தாத்தா காலத்துக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர்கள் நம்மில் இன்னும் பலர் உண்டு. உயரமான தளம், தேக்குமர அலமாரி, கல்லாப்பெட்டி, சிவப்புத் தரை, வாசலில் திண்ணை என்று இருக்கும் இக்கடைகளைப் பார்த்து, "பழசாகிவிட்டது, மாற்றிவிடலாமே" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மறுபுறம் பெரிய நகரங்களில் இதே பழைய தூணையும் பழைய கதவையும் காசு கொடுத்து வாங்கி, புதுக் கட்டடத்தில் அலங்காரமாக வைக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி எல்லாம் கடை கடையாக விற்பனைக்கு இருக்கின்றன. நம்மிடம் இருப்பதன் மதிப்பு நம்மைவிட வெளியூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அலங்காரம் பிறகு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். பழைய கடையைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி ஓதம் ஏறிய சுவரின்மேல் ஓடு ஒட்டி, பிளாஸ்டிக் பலகை அடித்து, பொய்த்தளம் போட்டு மூடிவிட்டால், நோய் உள்ளேயே வளரும். அதற்கு விலை கொடுப்பது நம் சரக்குதான். ஆகவே இக்கட்டுரையில் முதலில் சுவர், தளம் ஆகியவற்றையும், அதன் பிறகு மரச்சாமான், பழம்பொருள், செடி ஆகியவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. ஓதம் எங்கிருந்து வருகிறது?

மருந்து கொடுக்கும் முன் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். சுவரில் ஈரம் மூன்று வழிகளில் வரும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை, நீளவாக்கில் கரை கட்டியதுபோல் கறை தெரிந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் செங்கல்லும் சாந்தும் நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. பழைய கட்டடங்களில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

சுவரின் உச்சியிலிருந்து கீழே வழிந்த கறை இருந்தால் பழுது மேல்தளத்திலோ, கைப்பிடிச் சுவரிலோ, மழைநீர்க் குழாயிலோ இருக்கிறது.

நடுச்சுவரில் வட்டமாகக் கறை இருந்தால் வெளிப்புற விரிசலையோ தண்ணீர்க் குழாய்க் கசிவையோ சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் அறையின் காற்றில்தான் ஈரம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை, காற்றோட்டம் போதும்.

நம் இரண்டு ஊர்களுக்கும் தனித்தனித் தொல்லை உண்டு. கடலூர் முதுநகரில் கடற்காற்றும் உப்பனாற்று உவர்ப்பும் சேர்ந்து சுவரில் உப்பை ஏற்றுகின்றன. உப்பு நீர் சுவருக்குள் ஏறி, நீர் ஆவியானதும் உப்பு மட்டும் படிகமாக நின்றுவிடும். அப்படிகம் பெரிதாகும்போது பூச்சைப் பொரித்துத் தள்ளும். சுவர் மாவாகக் கொட்டுவதன் காரணம் இதுவே. சிதம்பரம் பகுதியிலோ களிமண் பூமி. மழையில் ஊதி, கோடையில் சுருங்கும். அதனால் சுவரில் விரிசல் விழும்.

விரிசல் வளர்கிறதா, பழையதா என்று அறிய, அதன் குறுக்கே சிறிது பாரிஸ் சாந்தைப் பட்டையாகப் பூசி, அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பின்பும் பட்டை உடையாமல் இருந்தால் விரிசல் நின்றுவிட்டது, அடைத்துப் பூசலாம். பட்டை உடைந்தால் கொத்தனார் போதாது, கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

மளிகைக்காரர்களுக்கென்றே இன்னொரு எச்சரிக்கை. கல்லுப்பு மூட்டையைச் சுவரோடு சாய்த்து அடுக்குவது நம்மிடம் பழக்கமாக இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு கசிந்து அந்நீரைச் சுவர் குடிக்கும். உப்புக் கிடங்காக இருந்த அறையின் சுவர், உப்பு போய்ப் பல ஆண்டுகள் ஆனாலும் ஈரக்காற்று அடித்தால் வியர்க்கும். உப்புக்கென்று தனி மேடை, சுவரிலிருந்து விலகி இருக்கட்டும். அதன்கீழ் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள்.

2. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஏன் ஆகாது?

இந்தியாவில் சிமெண்டு தயாரிக்கும் முயற்சி 1904-ல் சென்னையில் தொடங்கியது. ஆனால் அது நம் போன்ற ஊர்களின் சாதாரணக் கட்டடங்களுக்குப் பரவலாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. எனவே பாட்டன் காலத்துக் கடை என்றால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாகத்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் மூலையில் சிறிது சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாக, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, ஆணிக்கும் அசையாமல் இருந்தால் சிமெண்டு.

சுண்ணாம்பின் குணம் என்ன? கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீரில் நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், காற்றில் உள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாக மாறுகிறது. அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சுவருக்குள் ஏறிய ஈரம் அத்துளைகள் வழியே வெளியேறிவிடும். பெரியவர்கள் "சுவர் மூச்சு விடும்" என்று சொன்னது இதைத்தான்.

அதன்மேல் சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் வெளியேற முடியாமல் மேலும் மேலும் ஏறும். மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்குப் போய், பூச்சு முடிந்த இடத்துக்கு மேலே வெளிப்படும். கொத்தனார், "இன்னும் இரண்டடி உயர்த்திப் பூசிவிடலாம்" என்பார். ஈரமும் அவரோடு சேர்ந்து ஏறும். ஒட்டிய ஓடு, பிளாஸ்டிக் எமல்ஷன் வண்ணம், பிவிசி பலகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வெளியே பளபளப்பு, உள்ளே சாந்து மாவாகிக்கொண்டிருக்கும்.

முதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் சுவரின் கீழ்ப்பகுதிக்கு நான்கடி உயரம் ஓடு பதித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் ஓட்டுக்கு மேல் விளிம்பில் ஈரம் பூத்து, அங்கே சாய்ந்திருந்த மேல் அடுக்குச் சர்க்கரை மூட்டைகள் கசிந்தன. முன்பு ஓதம் கீழ் மூட்டையைத்தான் தொட்டது. அவர்களும் அடிக்கட்டை வைத்துச் சமாளித்து வந்தார்கள். செலவு செய்த பிறகு ஓதம் மேல் மூட்டைக்கு வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் மழைக்கு ஒன்று வீதம் கெட்டாலும், ஆண்டுக்கு நான்கு மூட்டை என்றால் 200 கிலோ சரக்கு. சர்க்கரை இறுகும், வெல்லம் கசியும், மிளகாயும் மஞ்சளும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையும் மிளகாயும் உடலுக்கு நஞ்சு. காயவைத்து விற்பது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. இந்த நட்டத்தைக் கட்டடச் செலவின் பக்கம் எழுதினால்தான் உண்மைக் கணக்கு தெரியும்.

3. பக்கத்து ஊர் தரும் இரண்டு பாடங்கள்

கடலூரிலிருந்து அதிக தூரமில்லாத புதுச்சேரியில் இதற்கு இரு பக்கமும் சாட்சி உண்டு.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம், 1870-ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது. பழுதுபட்டுச் சீரமைப்புக்காகக் காத்திருந்த நிலையில், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். தோற்றம் திரும்பி வந்தது. பழைய கட்டடம் திரும்பவில்லை. அரசுக்கு அதைத் திருப்பிக் கட்ட வழி இருந்தது. நம் கடை விழுந்தால் நமக்கு யார் கட்டிக் கொடுப்பார்கள்?

இரண்டாவது, அதே ஊரின் வைசியாள் வீதி. பெயரே சொல்கிறது, அது வணிகர் வீதி. தாழ்வாரமும் திண்ணையும் உள்ள தமிழ் வீடுகளின் முகப்புகளை, 2000-களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பின் வழிகாட்டலிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியிலும் சீரமைத்தார்கள். அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்று வெளிநாட்டார் வந்து நின்று படம் பிடிக்கும் வீதி அது. அந்த வீட்டுக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்ததை இருந்த முறையில் பழுது பார்த்தார்கள்.

4. முதல் செலவு மேல்தளத்துக்கு

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றால், மேல்தளத்தில்தான். மேலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே சுவர் பூசுவது வீண்.

நம் பழைய கடைகளில் மெட்ராஸ் தளம் மிகுதி. உத்திரத்தின்மேல் மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, சாய்கோட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீர் தெளித்துப் பல நாள் இடித்து இறுக்கி, முடிவில் தட்டோடு பதிப்பார்கள். இத்தளம் விழுவதென்றால் பெரும்பாலும் மரக்கட்டையின் முனையில்தான் தொடங்கும். சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தில் உளுத்துப்போகும், வெளியே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையையும் சுவரோடு சேரும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் ஆபத்து. அன்றே கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத் தச்சரையும் பொறியாளரையும் கூப்பிடுங்கள். பொய்த்தளம் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை செய்ய வழியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தளம் ஒழுகுகிறதென்று அதன்மேல் சிமெண்டுக் கான்கிரீட் போட்டுப் பாரத்தை ஏற்ற வேண்டாம். பழைய கட்டைகள் அந்தச் சுமைக்கு வைத்தவை அல்ல. பழுதான தட்டோட்டை மட்டும் பெயர்த்து, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி பதித்து, இடுக்குகளை அடைப்பதே முறை. மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும் சருகையும் காக்கைக் கூட்டையும் எடுப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது. பாதி ஒழுகல் அதிலேயே நின்றுவிடும்.

வடகிழக்குப் பருவமழைதான் நம் மாவட்டத்துக்குப் பெருமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையையும் நாம் மறக்க முடியாது. எனவே மேல்தள வேலை புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் மழை முந்திக்கொள்ளும்.

5. பூச்சும் வெள்ளையடிப்பும்

உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்; உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, விழுந்த பொடியை அள்ளி வெளியே கொட்டுங்கள். சுவரடியிலேயே விட்டால் அது வந்த வழியே திரும்பும். உப்பு அதிகமானால் அச்சடிக்காத வெள்ளைத் தாளை ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு விரல்கனம் சுவரில் அப்பி, முழுதும் காய்ந்தபின் உரித்தெடுங்கள். சுவரின் உப்பு கூழில் ஏறியிருக்கும். இரண்டு மூன்று தடவை செய்தால் பலன் தெரியும்.

கெட்ட பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஒரு அடி வரை செதுக்கி எடுத்துவிட்டு, சுவரைக் கோடை முழுதும் காயவிடுங்கள். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு சேர்த்துப் பூசலாம். கடல் மணல் எந்த விலைக்கும் கூடாது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் சில நாள் லேசான ஈரத்தில் இருந்து இறுக வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். கோயில் திருப்பணி செய்கிறவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

இந்தப் பூச்சும் உப்பு மிகுந்த சுவரில் சில ஆண்டுகளில் உதிரத்தான் செய்யும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். சுவரின் உப்பைத் தான் வாங்கிக்கொண்டு பூச்சு உதிர்கிறது, செங்கல் பிழைக்கிறது. பூச்சை மாற்றுவது எளிது, சுவரை மாற்ற முடியாது.

வெள்ளையடிப்பதற்குச் சுண்ணாம்பை நீற்றும்போது, தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் கோந்தும் நீலமும் சேர்த்து, பால் பதத்தில் மெல்லியதாக மூன்று கை அடியுங்கள். பிடிமானத்துக்கு உப்பு சேர்ப்பார்கள் சிலர். கடலோரத்தில் அது வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும்.

சரக்கு அடுக்கும் முறையையும் இத்துடன் சீர்செய்யுங்கள். அடிக்கட்டையின்மேல்தான் மூட்டை. சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நுழைய இரண்டடி இடைவெளி நல்லது. இடமில்லாத கடையில் ஒரு அடியாவது வேண்டும். காற்றும் போகும், எலியும் கண்ணில் படும்.

6. மரம், தரை, பித்தளை

தேக்கு அலமாரியில் பழைய வண்ணம் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வண்ணத்தில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். அதன் தூசி அரிசியிலும் பருப்பிலும் விழுந்தால் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. அலமாரியைக் கடைக்கு வெளியே எடுத்துச் சென்று, நீர்த்தாள் கொண்டு ஈரமாகத் தேய்த்து, சேற்றைத் துடைத்து அப்புறப்படுத்துங்கள்.

தேய்த்த தேக்குக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து மெல்லியதாகத் தடவித் துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும். வாசனை முழுதும் போன பின்பே சரக்கை வைக்க வேண்டும். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பு வைக்காமலே தானாகச் சூடேறித் தீப்பற்றும். சாக்கும் எண்ணெயும் உள்ள நம் கடைகளில் இது விளையாட்டல்ல. துணியை விரித்து வெளியில் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் முக்கிவைத்து, அப்புறம் எறியுங்கள்.

கரையான் ஈரமுள்ள இடத்தைத் தேடித்தான் வரும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, காலுக்குக் கீழே கல் வைத்தாலே பெருமளவு தப்பலாம். வேப்பெண்ணெயை அலமாரியின் முதுகில் மட்டும் தடவுங்கள். தட்டில் தடவினால் தேயிலையும் மாவும் அந்த வாடையைப் பிடிக்கும்.

சிவப்புத் தரைக்கும் ஆத்தங்குடி கல்லுக்கும் ஆசிட் எதிரி. தண்ணீரும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் போதும். பித்தளைக்குப் புளியே போதும். ஆனால் நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் பச்சை பூக்கும்.

நம் கடைகளில் எல்லாம் முன்னோர் படம் இருக்கும். ஓதச் சுவரில் ஒட்டி மாட்டிய படம் பின்பக்கத்திலிருந்து பூஞ்சை பிடித்து அழியும். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்புறம் கார்க் துண்டு ஒட்டினால் நடுவே காற்றுப் போகும். வெளிச்சுவரைவிட உள்சுவர் நல்லது. அதைவிட முக்கியம், இன்றைக்கே படத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வது. 2015 வெள்ளத்தில் நனைந்த சரக்கைத் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. நனைந்த படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

7. பழைய தராசும் படியும்

வீசைக்கல், மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு இவையெல்லாம் இன்று காட்சிப் பொருள்கள். இவற்றைக் கல்லா அருகிலோ நிறுக்கும் மேசையிலோ வைக்காதீர்கள். மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தன. இப்போது நடப்பில் உள்ள 2009-ஆம் ஆண்டு சட்ட எடையளவுச் சட்டப்படி, முறையற்ற எடையைப் பயன்படுத்துவதும் குற்றம், பயன்படுத்தவென்று வைத்திருப்பதும் குற்றம். ஆகவே உயரமான தட்டில், கண்ணாடிக்குள், "காட்சிக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

பக்கத்தில் ஒரு சீட்டில் "40 பலம் 1 வீசை, ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம், 8 வீசை 1 மணங்கு, 8 ஆழாக்கு 1 படி, 8 படி 1 மரக்கால்" என்று எழுதினால், அம்மாவுடன் வரும் பள்ளிப் பிள்ளை நின்று படிக்கும். அடுத்த முறை நம் கடைக்கே போகலாம் என்று அப்பிள்ளையே சொல்லும். பெரிய சூப்பர் மார்க்கெட் எவ்வளவு செலவழித்தாலும் இதை வைக்க முடியாது.

பழம்பொருள் வாங்குகிறவர் வாசலில் வந்து, "இந்தப் பழைய பெட்டிக்கு இவ்வளவு தருகிறேன்" என்றால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களின் வியாபாரத்துக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. செடிகள்: எங்கே வைப்பது, எங்கே கூடாது

கடை முகப்பில் நாலு செடி இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. திண்ணையில் வெயில் விழுந்தால் துளசியும் கற்றாழையும்; நிழலானால் மணி பிளான்டும் மருளும் போதும். மருளுக்கு வாரம் ஒருமுறை தண்ணீரே அதிகம். செடி வைத்தால் கடைக்குள் காற்றே சுத்தமாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் செய்த ஆய்வு காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்தது. திறந்த கடையில் கதவும் சன்னலும் செய்வதைச் செடி செய்யாது. அழகுக்காக வையுங்கள், அது போதும்.

விதிகள் மூன்று. முதலாவது, கிடங்குக்குள் செடி வேண்டாம். சரக்குக்கு அந்த ஈரம் ஆகாது. இரண்டாவது, தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நாள்தோறும் ஊற்றும் நீர் சுவருக்கும் போகும். மூன்றாவது, தொட்டியின் கீழ்த்தட்டிலும், மணி பிளான்டு நிற்கும் புட்டியிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மணி பிளான்டு இலையை மென்றால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நாம் வைக்காமலே வளரும் செடிதான் கொடியது. பறவை எச்சத்தில் விழுந்த அரச, ஆல விதைகள் கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைக்கும். இரண்டு இலை விடும்போது விரலால் பிடுங்கிவிடலாம். கவனிக்காமல் விட்டால் வேர் சுவரைப் பிளக்கும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். வேர் தடித்துப்போயிருந்தால் இழுக்காதீர்கள், சுவரும் சேர்ந்து வரும். கொத்தனாரை வைத்துக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

9. வாடகைக் கடை என்றால்?

"கட்டடம் எனதல்லவே, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல் வண்ணம் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. வடிகால் துப்புரவு, சுவிட்சு மாற்றுதல் போன்ற சிறு வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் சுவரையோ தளத்தையோ வாடகைதாரர் மாற்றக் கூடாது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே மேல்தளப் பராமரிப்பு யார் பொறுப்பு, மழைக்கு முன் எப்போது செய்வது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளரிடம் சண்டையாகப் போகாமல், கறையின் படத்தைத் தேதியோடு எடுத்துக்காட்டுங்கள். சொத்து அவருடையது, விழுந்தால் அவருக்கும் நட்டம்.

ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாத வேலையும் உண்டு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்து, நம் வாசற்படி தாழ்ந்துகொண்டே வருகிறது. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. நம் வீதியில் வேலை தொடங்கும் முன்பே சங்கத்தின் மூலம் மனுக் கொடுத்து இதைக் கேட்க வேண்டும். தார் போட்ட பின் கேட்டுப் பயனில்லை.

ஆண்டு முழுவதற்கும் வேலை அட்டவணை

தை, மாசி: கறை, விரிசல் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல்.

பங்குனி முதல் ஆனி வரை: கெட்ட பூச்சைச் செதுக்கிச் சுவரைக் காயவைத்தல்; மரவேலை.

ஆடி, ஆவணி: சுண்ணாம்புப் பூச்சு, மேல்தளப் பழுது. இடையில் மழை வந்தால் புதுப்பூச்சை மூடிக் காக்க வேண்டும்.

புரட்டாசி: மழைநீர்க் குழாய், வடிகால் சுத்தம், அரசங்கன்று பிடுங்குதல், வெள்ளையடிப்பு.

ஐப்பசி, கார்த்திகை: மூட்டை அடுக்கைச் சுவரிலிருந்து விலக்கி, மழை விட்ட நேரமெல்லாம் கதவு சன்னலைத் திறந்து வைத்தல்.

மார்கழி: சிதம்பரத்தில் திருவாதிரைக் கூட்டம் வரும் மாதம். வெளியூர்க்காரர் கண்ணில் நம் கடை பழசாகத் தெரியட்டும், பாழாகத் தெரியக் கூடாது.

இத்தனையையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. இந்த ஆண்டு மேல்தளம், அடுத்த ஆண்டு சுவர், அதற்கடுத்து அலமாரி என்று லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் கடன் வாங்காமலே முடியும். இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் ஒரு ஏணியும் ஒரு திருப்புளியும் எடுத்துக்கொண்டு, உங்கள் கடையின் மரக்கட்டைகளைக் குத்திப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.